எங்கள் மின்னஞ்சல் குழுவை மூடிய வருஷம்

பதினோரு வருஷம் நான் ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு மாடரேட்டராக இருந்தேன். கண் தெரியாதவர்கள் கம்ப்யூட்டரில் எங்காவது மாட்டிக்கொண்டால் எழுதிக் கேட்கிற குழு அது. கேட்பவர்களுக்கும் கண் தெரியாது, பதில் சொல்பவர்களுக்கும் கண் தெரியாது. யாருக்கும் சம்பளம் இல்லை. ஒருவர் எழுதும் கடிதம் எல்லாருடைய பெட்டிக்கும் போகும். தெரிந்தவர் பதில் எழுதுவார், அந்தப் பதிலும் எல்லாருக்கும் போகும். அவ்வளவுதான் ஏற்பாடு. போன வருஷம் அதை நாங்களே மூடினோம். விஷயம் கேள்விப்பட்டவர்கள் என்னிடம் துக்கம் விசாரிக்கிற குரலில் பேசுகிறார்கள். எனக்கு அப்படி ஒன்றும் துக்கம் இல்லை. நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

ஏழு வயதில் ஒரு காய்ச்சலோடு எனக்குப் பார்வை போனது. பிரெயிலில் படித்து முடித்தேன். அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்களுக்கென்றே இருந்த வேலை ஒன்று கிடைத்தது: டெலிபோன் ஆபரேட்டர். பெங்களூரில் ஒரு பெரிய அலுவலகத்தின் போர்டு என் கையில் இருந்தது. யாருக்கு எந்த எக்ஸ்டென்ஷன், யார் மதியத்துக்கு மேல் சீட்டில் இருக்க மாட்டார், யார் ஃபோனை எடுத்ததுமே கத்துவார் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. காலையில் நீலசந்திராவில் அக்கா வீட்டிலிருந்து பஸ் ஏறினால் ஒன்பதேகாலுக்கு சீட்டில் இருப்பேன்.

பிறகு அந்தப் போர்டைக் கழற்றிவிட்டு, கன்னடத்துக்கு ஒன்றை அழுத்து, இங்கிலீஷுக்கு இரண்டை அழுத்து என்று தானே பேசுகிற மெஷினை வைத்தார்கள். என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றி, மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டரையும் வைத்தார்கள். அதில் திரை வாசிப்பான் என்கிற மென்பொருள் இருந்தது. திரையில் இருப்பதை அது குரலில் படித்துச் சொல்லும். மவுஸ் தேவையில்லை, கீபோர்டே போதும். நல்ல பொருள்தான். ஆனால் சொல்லிக்கொடுக்க வந்தவருக்குக் கண் நன்றாகத் தெரியும், சிக்கலே அதுதான். இரண்டு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து "இங்க க்ளிக் பண்ணுங்க, இப்ப இதும்மேல க்ளிக் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் நாள் எனக்கு எங்கே என்பதும் தெரியவில்லை, எதன்மேல் என்பதும் தெரியவில்லை.

பள்ளித் தோழி ஒருத்திதான் இந்தக் குழுவின் முகவரியைக் கொடுத்தாள். நான் எழுதிய முதல் கடிதத்தின் தலைப்பு "அவசரம், உதவி தேவை". உள்ளே, கம்ப்யூட்டர் சொன்னபடி கேட்கவில்லை, தயவுசெய்து உடனே வழி சொல்லுங்கள் என்று இரண்டு வரி. அரைமணியில் பதில் வந்தது. எழுதியவர் ஓர் ஆண். வணக்கம்கூட இல்லை. "அவசரம் என்பது தலைப்பு அல்ல. என்ன செய்துகொண்டிருந்தீர்கள், எந்த விசையை அழுத்தினீர்கள், அது என்ன சொன்னது, என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தீர்கள்? இந்த நான்கையும் எழுதுங்கள். அதன் பிறகு யாராவது பதில் சொல்ல முடியும்."

எனக்குக் கோபமான கோபம். இருந்தாலும் எழுதத் தொடங்கினேன். ஒரு வலைப்பக்கத்தில் ஹெச் விசையைத் தட்டினால் வாசிப்பான் அடுத்த தலைப்புக்குத் தாவ வேண்டும். எனக்குத் தாவவில்லை, வெறுமனே ஹெச் என்ற எழுத்தை எங்கேயோ அடித்துக்கொண்டிருந்தது. எப்போது அப்படி ஆகிறது என்று எழுதுவதற்காக மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். தேடல் பெட்டிக்குள் ஒருமுறை நுழைந்துவிட்டால் மட்டும்தான் அப்படி. பெட்டிக்குள் இருக்கிறேன், அதனால் அடிப்பதெல்லாம் எழுத்தாக விழுகிறது. வெளியே வர எஸ்கேப் விசையைத் தட்டினேன். ஹெச் ஒழுங்காகத் தாவியது. அனுப்பவிருந்த கடிதத்தின் கடைசியில், விடை கிடைத்துவிட்டது, நன்றி என்று சேர்த்து அனுப்பினேன். அதற்கும் அந்த மனிதரிடமிருந்து ஒரே ஒரு சொல் பதிலாக வந்தது: "நல்லது."

அப்படித்தான் குழுவில் நுழைந்தேன். காலையில் சீட்டில் உட்கார்ந்ததும் இருபது கடிதமாவது காத்திருக்கும். பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும். சில பேர் தமிழையும் கன்னடத்தையும் இங்கிலீஷ் எழுத்தில் எழுதுவார்கள், அதை வாசிப்பான் தன் வெள்ளைக்காரக் குரலில் கடித்துத் துப்பும். "நாளைக்கு" என்பது அதன் வாயில் என்ன பாடு படும் என்பதைக் கேட்டவர்கள்தான் அறிவார்கள். நான் பழகிக்கொண்டேன். ஒரு வருஷத்தில் நானே பதில் எழுத ஆரம்பித்தேன். போர்டில் இருபது வருஷம் பேசியவள் என்பதால் எனக்கு ஒன்று நன்றாக வந்தது. கண்ணால் காட்ட வேண்டியதைச் சொல்லால் சொல்வது. நான்கு முறை டேப் தட்டுங்கள், "சப்மிட்" என்று சொல்லும், சொன்னதும் என்டர் கொடுங்கள் என்று எழுதுவேன். "அங்கே", "மேலே", "அது" என்று என் பதிலில் தனியாக வராது.

தப்பும் சொல்லியிருக்கிறேன். ஒரு முறை அட்டவணையில் நகர்வதற்கு நான் சொன்ன வழி முழுக்கத் தவறு. ஹுப்பள்ளியில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்த பெண் ஒருவர், இந்த வழியில் போனால் ஒரு வரிசை விட்டுப்போகும் என்று எல்லாருக்கும் தெரிகிற மாதிரி திருத்தி எழுதினார். அன்றைக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மறுநாள் யோசித்தால், அவர் எழுதாமல் இருந்திருந்தால் எத்தனை பேர் என் பேச்சைக் கேட்டு வரிசையைத் தொலைத்திருப்பார்கள்! நன்றி சொல்லி எழுதினேன். அதிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சிநேகிதம்.

எனக்கு முதல் பதில் எழுதிய அந்தக் கறார் ஆசாமிதான் குழுவின் மாடரேட்டர். வங்கியில் கிளார்க்காக இருந்தவர். முப்பத்து நான்கு வயதில் பார்வை போனது. குழுவை நடத்த இன்னொரு ஆள் வேண்டும், நீங்கள் வருகிறீர்களா என்று அவர் எனக்கு எழுதியபோது, நாங்கள் நான்கு வருஷமாக ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தோம். அதுவரை அவர் எந்த ஊர் என்றுகூட நான் கேட்டதில்லை. சரி என்றேன். பாஸ்வேர்டை அனுப்புங்கள் என்றேன். பாஸ்வேர்டை மெயிலில் அனுப்புகிற வழக்கம் என்னிடம் இல்லை, நேரில்தான் சொல்வேன், நான் பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கிறேன் என்று எழுதினார். நான் நீலசந்திராவில் இருப்பதைச் சொன்னேன். இரண்டு பேருக்கும் பொதுவாக சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில், விசாரணை கவுன்ட்டர் பக்கத்தில், சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சந்திப்பது என்று முடிவானது.

சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. நான் பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய்த் தடியை ஊன்றி நின்றுவிட்டேன். பதினொன்றேகால் ஆயிற்று. ஆள் வரவில்லை என்று ஃபோன் செய்தேன். வந்து இருபது நிமிஷமாக நிற்கிறேன் என்றார். நானும் கவுன்ட்டர் பக்கத்தில்தான் நிற்கிறேன் என்றேன்.

"மேடம், ஃபோனை காதுலேர்ந்து எடுத்துட்டு ஒரு தடவ ஏதாவது பேசுங்க."

"என்ன சார் பேசறது?"

"போதும். நீங்க பேசறது எனக்கு ரெண்டு காதுலயும் கேக்குது. ரைட் சைடுல நாலு அடி வாங்க."

வந்தேன். தடிகள் இரண்டும் முட்டிக்கொண்டன. கடிதங்களை வைத்து அறுபது வயதுக் கிழவர் என்று நினைத்திருந்தேன், குரல் அப்படி இல்லை. என்னைவிட எட்டு வயதுதான் மூத்தவர். பக்கத்துக் கடையில் டீ குடித்தோம். பாஸ்வேர்டைக் காதோடு சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். இரண்டாவது எழுத்து பெரிய எழுத்து என்று திருத்தினார்.

அதன் பிறகு நன்றாகவே நடத்தினோம். நான் வரவேற்பேன், அவர் விதி சொல்வார். எங்களுக்குள் சண்டையும் இருந்தது. புதிதாக வருபவர்களிடம் அவர் எழுதுகிற தோரணை எனக்குப் பிடிக்காது. நான் ஒரே கேள்விக்கு ஏழாவது தடவையும் பதில் எழுதுவது அவருக்குப் பிடிக்காது.

குழு சுருங்க ஆரம்பித்ததை முதலில் கவனித்தது நான்தான். காலையில் இருபது கடிதம் இருந்த இடத்தில் எட்டு இருந்தது, பிறகு மூன்று. யாரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. ஃபோனிலேயே பேசுகிற வாசிப்பான் வந்துவிட்டது. வாங்கிய அன்றைக்கே அது பேசுகிறது, யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. மிச்சமுள்ள சந்தேகத்துக்கு வாட்ஸ்அப் குழுக்கள் வந்தன. எழுத வேண்டாம், பேசி அனுப்பினால் போதும். நானும் அப்படி ஒரு குழுவில் சேர்ந்தேன். பரீட்சைக்கு விண்ணப்பம் போட முடியாமல் அழுகிற குரலில் ஒரு மாணவி பேசி அனுப்புவாள், பத்து நிமிஷத்துக்குள் ஒருவர் தன் குரலில் நிதானமாக வழி சொல்வார். எங்கள் குழுவில் அவள் நான்கு கேள்விக்குப் பதில் எழுதி முடிப்பதற்குள் கடைசி நாள் போய்விடும். விட்டுப்போனவர்கள் செய்தது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாடரேட்டர் சார் ஒப்புக்கொள்ளவில்லை. "மூணு நிமிஷம் பேசி அனுப்பறாங்க மேடம். அதுல கேள்வி எங்க இருக்குன்னு நான் தேடணுமா? அடுத்த வாரம் இன்னொருத்தன் அதையே கேப்பான். போன வாரம் சொன்னது எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது." அவர் சொன்னதும் பொய் இல்லை. எங்கள் குழுவில் எழுதப்பட்ட எல்லாமே சேமிப்பில் இருந்தது. ஒரு சொல்லைப் போட்டுத் தேடினால் ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பதிலும் வரும்.

பிறகு ஏ.ஐ. வந்தது. கேட்ட நொடியில் பதில். எனக்கு மனது கேட்கவில்லை, நானே ஒரு நாள் உட்கார்ந்து எங்கள் குழுவில் அடிக்கடி வந்த பத்துக் கேள்விகளை அதனிடம் கேட்டுப் பார்த்தேன். எட்டுக்குச் சரியான பதில் சொன்னது. அதில் மூன்று என் பதிலைவிடத் தெளிவாக இருந்தன. ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு ஃபோன் போட்டு அதை அப்படியே சொன்னேன். மீதி ரெண்டு என்ன ஆச்சு என்று மட்டும் கேட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த விடுப்பு விவகாரம் வந்தது.

எங்கள் அலுவலகத்தில் விடுப்பு கேட்பது ஒரு செயலி வழியாகத்தான். தனியார் கம்பெனி ஒன்று செய்து கொடுத்தது. விண்ணப்பம் போடுவது, விவரம் பார்ப்பது, வாபஸ் வாங்குவது, அச்செடுப்பது என்று ஏழு பட்டன்கள் ஒரே வரிசையில் இருக்கும். வாசிப்பான் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லும். ஆம்பூரில் அக்கா மகள் கல்யாணத்துக்கு இரண்டு நாள் விடுப்பு போட்டேன், ஒப்புதலும் வந்துவிட்டது. கிளம்புவதற்கு முந்தின நாள் எதற்கும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்வோம் என்று பக்கத்தைத் திறந்தேன். அன்று காலைதான் செயலியைப் புதுப்பித்திருக்கிறார்கள். டேப் தட்டினால் "பட்டன்" என்றது. மறுபடி தட்டினால் "பட்டன்". ஏழும் பெயரில்லாத வெறும் பட்டன். பழைய வரிசைப்படி மூன்றாவது "விவரம்", அது கை அறிந்த கணக்கு. மூன்றாவதில் என்டர் தட்டினேன். வாசிப்பான் ஒன்றும் சொல்லவில்லை. பழைய ஒப்புதல் இருக்கிறதே என்று ஊருக்குப் போய்விட்டேன்.

கல்யாணம் முடிந்து வந்த அன்று மேலதிகாரி கூப்பிட்டார். இரண்டு நாள் சொல்லாமல் வரவில்லை என்று பதிவாகியிருந்தது. ஒப்புதல் வாங்கித்தானே போனேன் என்றேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, "ரஜா நீவே வாபஸ் தகொண்டிதீரா, மேடம்" என்றார். விடுப்பை நானேதான் வாபஸ் வாங்கியிருக்கிறேனாம். புதுப்பிப்பில் வரிசையை மாற்றியிருக்கிறார்கள், மூன்றாவது இப்போது வாபஸ். அவர் கெட்ட மனிதர் இல்லை. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு, இனிமேல் பக்கத்தில் யாரையாவது உட்கார வைத்துக்கொண்டு விடுப்பு போடுங்கள் என்று அன்பாகச் சொன்னார்.

அந்த அன்புதான் என்னைச் சுட்டது. என் விடுப்பை நான் போடுவேன். அதற்கு ஆள் வேண்டியதில்லை.

முதலில் வாட்ஸ்அப் குழுவில் கேட்டேன். ஐந்து நிமிஷத்தில் ஒன்பது பதில் வந்தது. எங்களுக்கும் இப்படித்தான், பார்வை உள்ளவரைக் கேளுங்கள், மனம் தளர வேண்டாம், நடுவில் யாரோ ஒருவரின் பிறந்த நாள் வாழ்த்து. பிறகு ஏ.ஐ.யிடம் கேட்டேன். வலது மேல் மூலையில் உள்ள நீல நிற பட்டனை அழுத்துங்கள் என்றது. எனக்குக் கண் தெரியாது என்று எழுதினேன். மிக அழகாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்படியானால் அதற்குக் கீழே உள்ள பச்சை நிற பட்டன் என்றது. அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் செயலியைப் பற்றி யாரும் எங்கேயும் ஒரு வரி எழுதியதில்லை. யாரும் எழுதாததை அது எங்கிருந்து எடுத்துச் சொல்லும்?

எழுத வேண்டிய ஆள் நான்தான் என்று அப்போது தோன்றியது. எட்டு மாதமாக நான் எதுவும் எழுதாதிருந்த எங்கள் மின்னஞ்சல் குழுவுக்கு ஒரு கேள்வி எழுதினேன். தலைப்பில் செயலியின் பெயர், பக்கத்தின் பெயர், ஏழு பட்டன்களுக்கும் பெயர் இல்லை என்ற விஷயம். உள்ளே ஒவ்வொரு விசையாக என்ன நடந்தது என்று. மூன்று நாள் சத்தமில்லை. செத்துப்போன முகவரிகளிலிருந்து திரும்பி வந்த கடிதங்கள்தான் வந்தன. நான்காம் நாள் காலையில் இரண்டு பதில் இருந்தது. ஒன்று ஹுப்பள்ளிப் பெண்ணுடையது. அவர் கல்லூரியிலும் அதே செயலி, அவரும் ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார். இன்னொன்று ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து. அவருக்கு இப்போது அலுவலகமும் இல்லை, விடுப்பும் இல்லை. ஆனாலும் கேள்வி கேட்டார். தேதிப் பெட்டியிலிருந்து டேப் தட்டினால் முதல் பட்டன் எத்தனையாவது தட்டலில் வருகிறது? ஷிஃப்ட் சேர்த்துப் பின்னால் போனாலும் அதே எண்ணிக்கையா?

நாங்கள் மூன்று பேரும் ஒரு வாரம் வேலை செய்தோம். ஹுப்பள்ளியில் அவர் ஒரு போலி விடுப்பைப் போட்டு ஒரு பட்டனை அழுத்துவார், என்ன ஆனது என்று சகஊழியரிடம் கேட்டு எழுதுவார். நான் என் சீட்டில் இன்னொன்றை அழுத்துவேன். ஏழு பட்டனுக்கும் கணக்கு கிடைத்தது. ஒரு தீர்வு ஆயிற்று. ஆனால் அடுத்த புதுப்பிப்பில் மறுபடி வரிசை மாறினால்? கம்பெனிக்கு எழுதுவது என்று முடிவு செய்தோம்.

முதல் வரைவை ரிச்சர்ட்ஸ் டவுன் சார் எழுதினார். சட்டப் பிரிவு, நஷ்ட ஈடு, நீதிமன்றம் எல்லாம் இருந்தது. படித்துவிட்டு ஃபோன் செய்தேன்.

"சார், இதப் படிச்சா அவங்க வக்கீலுக்கு அனுப்புவாங்க. பட்டன சரி பண்றவங்ககிட்ட போகாது."

"பின்ன கெஞ்சணுமா மேடம்?"

"கெஞ்ச வேணாம். எந்தப் பட்டன், என்ன சொல்லுது, என்ன சொல்லணும். ஏழுக்கும் அத மட்டும் எழுதுவோம்."

முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார். பழைய உறுப்பினர்களைத் தேடித்தேடி எழுதினோம், அந்தச் செயலியைப் பயன்படுத்தும் பதினொரு பேர் சேர்ந்தார்கள். கடிதம் போன மறுநாளே, உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று தானியங்கிப் பதில் வந்தது. மறுபடி அனுப்பினோம். மறுபடியும் தீர்க்கப்பட்டது. மூன்றாவது முறை பதினொரு பேரும் அதே கடிதத்தைத் தனித்தனியாக அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் ஒரு பெண் ஃபோன் செய்தாள். சேலம் பக்கத்துப் பெண், கம்பெனியில் இன்ஜினியர். வீடியோ காலில் காட்ட முடியுமா என்றாள். நேரிலேயே வந்துவிடேன் என்றேன். வந்தாள்.

என் நாற்காலியை அவளுக்குக் கொடுத்தேன். நாளைக்கு ஒரு நாள் விடுப்பு போடு என்றேன். அவள் மவுஸைத் தேடினாள். மவுஸ் கிடையாது, கீபோர்டுதான் என்று சொல்லிவிட்டு, கையை நீட்டித் திரையின் சுவிட்சை அணைத்தேன்.

"அக்கா, இருட்டாயிடுச்சு."

"தெரியும்மா. போடு."

டேப் தட்டினாள். பட்டன் என்றது. தட்டினாள். பட்டன். ஏழு முறையும் கேட்டேன். எட்டாவதில் அவள் கை நின்றுவிட்டது. பக்கத்து சீட்டில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள் என்று தெரிந்தது.

"எதுன்னே தெரியலக்கா."

"ஒண்ண அழுத்து."

"தப்பா அழுத்திட்டா?"

"நான் அழுத்தினேன்."

அவள் நாற்காலியை என் பக்கம் திருப்பினாள். பிறகு விளக்கினாள். முன்னால் பட்டன்மேல் சொல் இருந்தது. அழகாக இருக்கட்டும் என்று சொல்லை எடுத்துவிட்டுப் படம் வைத்துவிட்டார்கள். படத்துக்குப் பின்னால் வாசிப்பானுக்கென்று ஒரு பெயர் எழுத வேண்டும், எழுதவில்லை. "எழுதணும்னு எங்க டீம்ல யாருக்கும் தெரியாதுக்கா. எனக்கே இப்பதான் தெரியுது." அவள் அதை மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. எங்கள் கடிதத்தை எடுத்துக்கொடுத்தேன், அது ஏற்கெனவே தன்னிடம் அச்சாகி இருக்கிறது என்றாள்.

மூன்று வாரத்தில் ஆறு பட்டன்களுக்குப் பெயர் வந்தது. ஏழாவதற்கு இன்னும் ஒரு மாதம் ஆயிற்று. அவள் கம்பெனி கொடுத்த கடிதத்தை வைத்து மேலதிகாரி என் இரண்டு நாளையும் திருத்தினார். அடுத்த விடுப்பை நானே போட்டேன். அவர் கண்முன்னாலேயே போட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதோடு குழு மறுபடி உயிர்த்தெழுந்தது என்று முடித்தால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். அப்படி நடக்கவில்லை. ஒரு வாரம் வாழ்த்துக் கடிதங்கள் வந்தன. பிறகு பழையபடி மௌனம். நான் யோசித்தேன். அன்றாடக் கேள்விகளுக்கு இன்றைக்கு எங்களைவிட வேகமான வழிகள் உண்டு. யாரிடமும் பதில் இல்லாத கேள்வி வந்தால், அதற்கு உட்கார்ந்து வேலை செய்ய மூன்று பேர் போதும், மற்ற இரண்டு பேரின் ஃபோன் எண்ணும் என்னிடம் இருக்கிறது. இருநூறு செத்த முகவரிகளுக்குக் காவல் இருக்க வேண்டியதில்லை.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். பெரிய சண்டைக்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

"குழுவ மூடிடலாம் சார்."

"நானே சொல்லணும்னு இருந்தேன். நீங்க அழுவீங்கன்னு சொல்லல."

"நான் எதுக்கு அழணும்?"

"அதான. எனக்கும் இப்பதான் தோணுது."

பழைய கடிதங்களை அழிப்பதில்லை என்று தீர்மானித்தோம். பொதுவில் படிக்கும்படி வைக்கலாம். ஆனால் அதில் ஃபோன் எண்களும் வீட்டு முகவரிகளும் இன்னும் என்னென்னவோ இருந்தன. ஐந்து சனிக்கிழமை காலை அவர் வீட்டு மேஜையில் இரண்டு கம்ப்யூட்டரை வைத்து, ஆளுக்கொரு காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்து நீக்கினோம். புடவையின் நிறத்தை ஃபோன் சரியாகச் சொல்கிறதா என்று கேட்ட கடிதம் ஒன்று. மாப்பிள்ளை வீட்டார் வரும்போது கம்ப்யூட்டரில் வேலை செய்து காட்டச் சொல்வார்கள், எதைச் செய்து காட்டலாம் என்று கேட்ட கடிதம் ஒன்று. அதற்கு இவர் விதி எதுவும் சொல்லாமல் இரண்டு பக்கம் பதில் எழுதியிருந்தார். என்ன சார் இது என்றேன். அழித்துவிடலாம் என்றார். வேண்டாம், அந்தப் பெண்ணின் பெயரை மட்டும் எடுப்போம் என்றேன்.

கடைசிக் கடிதத்தை யார் எழுதுவது என்பதில் மட்டும் வாக்குவாதம் வந்தது. நான் எழுதியது நீளம் என்றார். அவர் எழுதியது நான்கு வரி. குழு இந்த மாதத்தோடு மூடப்படுகிறது, பழைய கடிதங்கள் இந்த இடத்தில் கிடைக்கும், எல்லாருக்கும் நன்றி, இதற்குப் பதில் எழுத வேண்டாம். சரி, உங்களுடையதே போகட்டும் என்றேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அனுப்பினார்.

பத்தேகாலுக்கு முதல் பதில் வந்தது. பன்னிரண்டு மணிக்குள் நாற்பது. அதற்கு முந்தின வருஷம் முழுக்க வந்த கடிதம் அத்தனை இருக்காது. எழுதாததால் செத்துப்போன முகவரி என்று நான் கணக்கு எழுதியிருந்தவர்களெல்லாம் படித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். ஒருவர் துமகூருவில் ஆசிரியராகிவிட்டாராம். ஒருத்தி தனக்கு வேலை கிடைத்ததே இங்கே கற்றதால்தான் என்று எழுதினாள். ஒருவர், மாடரேட்டர் சார் என்னை இரண்டு தடவை திட்டியிருக்கிறார், இரண்டும் நியாயம் என்று எழுதினார். ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அவர் ஃபோன் செய்து, பதில் எழுத வேண்டாம் என்று தெளிவாகத்தானே எழுதினேன் என்று கேட்டார். கோபமான குரல் இல்லை.

முப்பத்தோராவது பதிலில் ஒரு கேள்வி இருந்தது. குழு மூடுவதற்குள் கேட்டுவிடுகிறேன் என்று, கணக்குத் தாளில் மறைந்திருக்கும் வரிசையைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி என்று ஒருவர் கேட்டிருந்தார். எந்த விசையை அழுத்தினார், அது என்ன சொன்னது என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தார். எனக்கு விடை தெரியும். சாப்பாட்டு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. எழுதி அனுப்பினேன், அரைமணியில் சரியாகிவிட்டது என்று அவரிடமிருந்து பதில் வந்தது. மாதக் கடைசியில் குழுவை மூடினோம்.